சரியாத்தேன் இருக்கும்

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் பள்ளத்தூரில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுகிறேன் என்று எங்கள் சுவரை ஒட்டி ஆழமாக அஸ்திவாரக் குழி தோண்டினார். மறுநாள் ஒரு தூறல். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் கணவர் மேல் அந்தச் சுவர் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரைக்குக் கொண்டுபோனால் நடக்க வைத்துவிடலாம் என்றார்கள். அதற்கு வசதியில்லாமல்தான் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். அந்த மனிதரோ, மழையில் ஊறிய பழஞ்சுவர் தானாக விழுந்தது என்று கூசாமல் சொன்னார்.

எங்கள் பக்கம் சாட்சி, ஒரு பெரிய கொத்தனார். கண்டனூரில் பாதி வீடுகள் தன் கைபட்டவை என்று பீற்றிக்கொள்வார், பொய்யில்லை. விழுந்த சுவரை வந்து பார்த்தவர், "மழையாவது மண்ணாங்கட்டியாவது! அடிமண்ணைப் பறிச்சுட்டாக ஆத்தா. அதேன் சுவரு உக்காந்துருச்சு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டச் சொன்னவர்கள் எதைச் சொன்னாலும், "நீங்க சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்பார். பிறகு தன் இஷ்டப்படி கட்டுவார். முன்பு எங்கள் அடுப்படியை அவர் கட்டியபோது, கிழக்கே ஜன்னல் வேண்டும் என்றேன். அதையேதான் சொன்னார், வடக்கே வைத்தார். புகை நன்றாகத்தான் வெளியே போயிற்று.

கோர்ட்டில் கூண்டேறி, பார்த்ததைத் தெளிவாகவே சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, தேனொழுகக் கேட்டார்: "பெரியவரே, மழை பெய்யலைன்னா அந்தச் சுவர் நின்னிருக்கும், இல்லையா?"

கொத்தனார் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஐயா சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேச்சு அப்படியே பதிவாயிற்று. எங்கள் வக்கீல் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். பதிவானது பதிவானதுதான். அட பாவி மனுஷா! வேலை செய்யும் இடத்தில் வாயால் ஆமாம் போட்டுவிட்டுக் கையால் மாற்றிக்கொள்ளலாம். கோர்ட்டில் வாய்ப்பேச்சு மட்டும்தானே? எவ்வளவு தெரிந்திருந்து என்ன, பெரிய மனிதர் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டாமா?

வழக்கு தோற்றது. உள்ளூர் வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டியதோடு சரி. என் கணவர் அப்புறம் எழுந்து நடக்கவே இல்லை.

சில மாதம் கழித்துக் கொத்தனார் வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துக் கண் கலங்கினார். "குழி தோண்டுனதாலதேன் விழுந்துச்சு. எனக்குத் தெரியாதா ஆத்தா? சத்தியமாச் சொல்றேன்."

செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"நீங்க சொன்னாச் சரியாத்தேன் இருக்கும், கொத்தனாரே."