களிமண் குட்டை அல்லிகள்

என் கணவர் சில ராத்திரிகளில் சாப்பிட்டுக் கை கழுவியதும் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுப்பார். "நீ படுத்துக்க, வந்துடறேன்" என்பார். அவ்வளவுதான். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை வராது. நான் கதவைத் தாழ்போட்டு, துணி வைக்கிற டிரங்குப் பெட்டியைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் அண்ணன், தம்பி, சித்தப்பா வீடு என்று ஒரே வளவில் வளர்ந்தவள் நான். அவரைக் கட்டிக்கொண்டு வந்த விருத்தாசலத்தில், ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கோர்க்கிற சத்தம் கேட்டாலே யாரோ கதவை இடிக்கிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன ஸ்டுடியோ இருந்தது. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு. பகல் முழுக்க ஊர் மனிதர்களைச் சிரிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வாயே திறக்காத மனிதர். அவருக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, வேறு எங்காவது தொடர்பு இருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் சொன்னது: "புதுப்பொண்ண தனியா வுட்டுட்டு ராத்திரில அப்படி எங்கதான் போறாரு? நீ கேக்கவே மாட்டியா?"

அன்றைக்குக் கேட்டேன்.

"பூ எடுக்கப் போறேன்" என்றார்.

"ராத்திரியிலயா?"

"ராத்திரி பூக்குறத ராத்திரிதான எடுக்க முடியும்?"

நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பீரோவுக்கு மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே படங்கள். தண்டவாளத்தோரத்து ஊமத்தம் பூ, கூரை மேல் படர்ந்த சுரைப் பூ. பிறகு ஒன்று, வெள்ளை வெளேரென்று, இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, யாரோ ஊசியால் பின்னிய மாதிரி. இது என்ன பூ என்றேன். "புடலம் பூ" என்றார். எத்தனை வருஷமாகப் புடலங்காய் அரிந்து பொரியல் செய்திருக்கிறேன். அதன் பூ ராத்திரியில் இப்படி அவிழும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மனிதரைப் பற்றி இத்தனை நாள் பயந்துகொண்டிருந்ததை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

"அடுத்த தடவ நானும் வரேங்க. தனியா இருக்க பயமா இருக்குது" என்றேன்.

அவர் யோசித்துவிட்டு, "டார்ச்சு புடிப்பியா?" என்று கேட்டார்.

அப்படித்தான் நான் அவரோடு போக ஆரம்பித்தேன். பயம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது, இடம் மாறியது. வீட்டுக்குள் கதவைப் பார்த்துப் பயந்தவள், வெளியில் காலடியைப் பார்த்துப் பயந்தேன். பாம்பு, நாய், யார் கொல்லையிலாவது திருடி என்று பிடித்துக் கட்டிவிடுவார்களோ என்ற பயம். அவருக்கு ஃபிளாஷ் பிடிக்காது. ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் பூ காகிதம் வெட்டி ஒட்டின மாதிரி ஆகிவிடும் என்பார். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி ஷட்டரைத் திறந்து வைத்துவிடுவார். நான் பழைய வேட்டித் துணி சுற்றிய டார்ச்சை எடுத்துப் பூவின் மேல் மெதுவாகத் தடவுகிற மாதிரி வெளிச்சம் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் பயம் இருக்காது.

ஐப்பசி மழை ஒரு வாரமாக விட்டிருந்த ஒரு ராத்திரி அல்லி எடுக்கப் போனோம். பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால், களிமண் தோண்டித் தோண்டிப் பெரிய பள்ளமாகிப் போன ஒரு இடத்தில் தண்ணீர் நின்று அல்லி படர்ந்திருந்தது. சாயங்காலத்துக்கு மேல் விரிகிற வெள்ளை அல்லி. டார்ச்சை அடித்ததும் தண்ணீர் முழுக்கப் பூவாக இருந்தது. "அப்பா!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

அவருக்குப் பிடித்த பூ குட்டையின் மறுகோடியில் இருந்தது. அங்கே போவதற்கு ஓரத்தில் வெள்ளையாக, காய்ந்து வெடித்த தரை ஒன்று தெரிந்தது. சுண்ணாம்பு பூசிய முற்றம் மாதிரி இருந்தது. கம்பெனிகளில் மிஞ்சுகிற மண் கரைசலைக் கொட்டிவிடுகிற இடம் அது, மேலே ஆடை கட்டியிருக்கிறது, உள்ளே இன்னும் கூழாகத்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அவர் கேமரா மாட்டிய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் நடந்தார். கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு தொளக்கென்று ஒரு சத்தம். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டார்.

முதலில் சிரித்தார். "செருப்பு மாட்டிக்கிச்சு" என்றார். ஒரு காலைத் தூக்கப் பார்த்தார். மறு கால் இன்னும் இறங்கியது. கேமராவை எட்டி, கெட்டியாக இருந்த பக்கம் வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஊன்றினார். கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. டார்ச் வெளிச்சத்தில் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் ஓடினேன்.

"வராத! அங்கயே நில்லு!" என்று கத்தினார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

என்ன செய்தேன் என்று எனக்கே துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. சேலையை அவிழ்த்தேன். ஒரு முனையில் கல்லை முடிந்து அவர் பக்கம் எறிந்தேன். பிடித்துக்கொண்டார். இழுத்தேன். அவர் அசையவில்லை, நான்தான் சறுக்கிக்கொண்டு அவர் பக்கம் போனேன். இடுப்பு வரைக்கும் சேறு ஏறிவிட்டது அவருக்கு.

"வுட்டுடு. உன்னயும் இழுத்துடும்" என்றார்.

"பேசாதீங்க. ஆடாதீங்க. அப்படியே இருங்க."

கரையில் நின்ற வேலிக்கருவ மரத்தின் அடியில் சேலையின் மறுமுனையைக் கட்டினேன். கையெல்லாம் முள். டார்ச்சை ஒரு கல்லின் மேல் அவரைப் பார்த்து வைத்தேன், திரும்பி வரும்போது இடம் தெரிய வேண்டுமே. "போய் ஆள கூட்டிட்டு வரேன். சேலைய வுட்றாதீங்க" என்றேன். அவர் "சரி" என்றார். சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி இருந்தது.

ஒரு கம்பெனியில் சூளை எரிந்துகொண்டிருந்தது. அந்தச் செந்நிறத்தைப் பார்த்து இருட்டில் ஓடினேன். உள்பாவாடையும் ரவிக்கையுமாக ஓடுகிறேன் என்பதே தோன்றவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பிப்பேன், அடுத்த வார்த்தை வராது. மறுபடி ஆரம்பிப்பேன். பிறந்ததிலிருந்து சொன்ன ஜெபம், முதல் அடியைத் தாண்டவே இல்லை.

சூளைக்கு விறகு தள்ளிக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். தலைமுடி விரிந்து, கையில் ரத்தமும் உடம்பெல்லாம் வெள்ளை மண்ணுமாக இருட்டிலிருந்து வெளியே வந்த என்னைப் பார்த்ததும் ஒருவர் அலறிக்கொண்டு விறகுக்குப் பின்னால் போய்விட்டார். மற்றவர் கட்டையை ஓங்கினார்.

"யாரு நீ? கிட்ட வராத!"

"மனுஷிதாங்க! நான் மனுஷிதான்! எங்க வூட்டுக்காரரு குட்டையில மாட்டிக்கிட்டாரு, ஓடியாங்க!"

"எந்தக் குட்ட? மண்ணு கொட்டுறதா?"

"ஆமாங்க, அல்லி இருக்குதே அது."

அவர் கட்டையைக் கீழே போட்டார். கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து, என்னைப் பார்க்காமல் நீட்டினார். பிறகு இருவரும் பீங்கான் பொம்மைகளைக் காயவைக்கிற நீளப் பலகைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

குட்டைப் பக்கம் வெளிச்சமே இல்லை. டார்ச் அணைந்திருந்தது. எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கருவமரமும் ஒரே மாதிரி இருந்தது. "ஏங்க!" என்று கூப்பிட்டேன். தவளைச் சத்தம். மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அப்பா போனார், பெரிய ஆபரேஷன் ஒன்று எனக்கு நடந்தது. அந்த நிமிஷம் இருந்த மாதிரி எப்போதும் இருந்ததில்லை.

பிறகு ஒரு இருமல் கேட்டது.

நெஞ்சுக்குக் கீழ் வரைக்கும் இறங்கியிருந்தார். மூச்சு விடவே கஷ்டமாக இருந்ததால் குரல் கொடுக்க முடியவில்லை. சேலையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தார். வந்தவர்கள் பலகைகளை வரிசையாகப் போட்டார்கள். ஒருவர் குப்புறப் படுத்து ஊர்ந்து போனார். அலறிக்கொண்டு ஓடினாரே, அவர்தான். "காலு வலிச்சாலும் முண்டாத சாமி, மல்லாக்க சாயி, சாயி" என்று பேசிக்கொண்டே இருந்தார். மண் அவரை விடுவதற்கு வெகுநேரம் பிடித்தது. கடைசியில் ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு வெளியே வந்தார். செருப்பும் லுங்கியும் உள்ளேயே போய்விட்டன. கரையில் படுக்கவைத்தபோது தலை தவிர மற்றதெல்லாம் வெள்ளையாக, சுடாத பீங்கான் பொம்மை மாதிரி இருந்தார். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், பிற ஆண்கள் முன்னால். அவர்கள் சூளைப் பக்கம் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். நான்தான் டம்ளரைப் பிடித்துக் குடிக்கவைத்தேன்.

மறுநாள் காலை அவர்களே மூங்கில் கழியால் கேமராவை இழுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் ஆகியிருந்தது. தூக்கத்தில் "காலு, காலு" என்று எழுந்து உட்காருவார். பாத்ரூம் போக என்னை எழுப்புவார். கரண்ட் போனால் என் கையைத் தேடுவார். தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் வெள்ளை இருக்கிறது என்பார். எனக்கும் பயம் விடவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பயந்தால் குடித்தனம் நடக்காது என்று, நான் என்னுடையதைப் பகலில் வைத்துக்கொண்டேன். அவர் ஸ்டுடியோவுக்குப் போனபிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து நடுங்குவேன்.

கிறிஸ்துமஸுக்கு அந்த இருவரையும் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டோம். அலறியவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, இப்பகூட இருட்டுல வெள்ளையா ஏதாச்சும் வந்தா எனக்கு அல்லு வுட்டுடுது" என்றார். என் கணவர் அந்த ராத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவரே கேட்டார். "ஒரு தடவ போயி பாத்துட்டு வரலாமா? கரையிலேருந்துதான்." போனோம். மண் கொட்டுகிற இடத்தைச் சுற்றி யாரோ முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ரோட்டோரத்துக் கெட்டித் தரையில் ஸ்டாண்டை நிறுத்தினார். பூக்கள் போன வருஷத்தைவிட அதிகம். நான் டார்ச்சைப் பிடித்தேன். அவர் ஒரு கையால் ஷட்டர் வயரையும் மறு கையால் என் தோளையும் பிடித்திருந்தார். அந்தக் கை நடுங்கியது. என் கையும் நடுங்கியது. டார்ச் வெளிச்சம் பூவின் மேல் நிற்காமல் தண்ணீரெல்லாம் ஓடியது.

"போதும், வூட்டுக்கு போலாம்" என்றார்.

படம் கழுவிப் பார்த்தபோது பூவே இல்லை. கறுப்பில் வெள்ளைக் கோடுகள் மட்டும், இங்கும் அங்கும்.