பன்னண்டு வோல்ட்டு எல்ராய்

எல்ராய் டிவெய்ட் விடிந்ததும் முதல் வேலையாக மனைவியின் காப்பி ஸ்பூனை எடுத்து, ஒரு பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்து ஓர் உரசு உரசுவார். பொறி பறக்கும். "உசுரு இருக்கு" என்று வீட்டுக்கு அறிவித்துவிட்டு, அதே ஸ்பூனால் காப்பியைக் கலக்குவார். அந்த வீட்டில் அம்மைத் தழும்பு விழாத ஸ்பூன் ஒன்றுகூடக் கிடையாது. வந்தவர்கள் தடவிப் பார்த்து என்ன இது என்று கேட்டால், மனைவி ஆர்டிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "எங்க வீட்டுக்காரர் மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி செய்யுற பூஜை" என்பார்.

பேட்டரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அரைச் செங்கல் அளவு. அது பிறந்தது ஒரே ஒரு வேலைக்கு. படகு ஏற்றிய டிரெய்லர் ஓட்டத்தில் வண்டியிலிருந்து கழன்றுகொண்டால், ஒரு மெல்லிய கம்பிக்கயிறு இழுபட்டு ஓர் ஊசியைப் பிடுங்கும். ஊசி வந்ததும் இந்தப் பேட்டரியின் மின்சாரம் டிரெய்லரின் பிரேக்குகளுக்குப் பாயும், சக்கரங்கள் இறுகும். கால்மணி நேரமாவது பிடித்து நிற்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் டிரெய்லரின் மூக்கில் ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டிக்குள் பேட்டரி.

ஆனால் மின்னசோட்டாவில் ஏரி உறைந்துவிட்டால், பனிக்கட்டியில் துளை போட்டு உட்காருகிறவனுக்கு அடியில் மீன் நிற்கிறதா என்று காட்டும் கருவி ஒன்று வேண்டும். அதற்கும் இதே பேட்டரிதான் அச்சாகப் பொருந்தும். கடவுள் செய்த குறும்போ, கடைக்காரன் செய்த குறும்போ தெரியாது. நெல்ஸ்பி ஊரில் பாதிப் பேர் டிசம்பரில் டிரெய்லர் பெட்டியைத் திறந்து பேட்டரியை உருவிக்கொள்வார்கள். மே மாதம் திருப்பி வைப்பார்கள். வைத்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

எல்ராய் அதிலும் தனி ரகம். கிறிஸ்துமஸுக்கு வாசல் குடிலில் ஏசு பாலனின் தலைக்கு மேல் விளக்கு இந்தப் பேட்டரியில்தான் எரியும். பன்னிரண்டாம் நாள் வரை பாலனுக்கு அந்த வெளிச்சம் நிலைக்காது. நடுவில் ஒரு சனிக்கிழமை பேட்டரி மீனுக்குப் போய்விடும். சாமியார் ஒருமுறை, "என்ன எல்ராய், தொழுவம் இருட்டா கெடக்கு?" என்று கேட்டதற்கு, "பேதுருவும் மீன்காரர்தானே சாமி, கோவிச்சுக்க மாட்டார்" என்றாராம். மார்ச்சில் மேப்பிள் மரத்துப் பால் உறிஞ்சும் பம்புக்கு அது போகும். கோடையில் சோளத்தைத் தின்ன வரும் ரக்கூன்களுக்கு ஷாக் கொடுக்கும். பேத்தி வந்தால் அவளுடைய பொம்மை ஜீப்பில் ஏறும். "பன்னண்டு வோல்ட்டு பன்னண்டு வோல்ட்டுதான். அதுக்கென்ன தெரியும், மீனா, ரக்கூனான்னு?" இதுதான் அவருடைய வேதாந்தம். இன்னொரு பேட்டரி வாங்கினால் என்ன என்று கேட்டுவிட்டால் போச்சு. தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கேட்டதுபோல் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

இத்தனைக்கும் மனுஷன் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. கடைசிப் பிள்ளையின் பின்புறம் இருக்கையில் படியாமல் கியரைத் தொடமாட்டார். பனியில் இறங்கி ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்ப்பார். அதே ஆள்தான் சொந்த டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலியில் கொக்கி உடைந்ததும் துணி காயப்போடும் கயிற்றால் கட்டிவைத்தார். "ஊரார் புள்ளைங்களுக்கு டயரைப் பாத்தான். பொண்டாட்டிக்குக் கயிறு" என்று ஆர்டிஸ் தேவாலயத்துக் காப்பி மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

அந்த டிரெய்லரை இழுக்கும் வண்டியில் ஆர்டிஸ் ஏறி வருஷக்கணக்காகிறது. தன் சின்னக் காரில் பின்னாலேயே வருவார். ஏன் என்று கேட்டால், "உதிர்றதைப் பொறுக்க ஆள் வேணாமா?" என்பார்.

ஆர்டிஸின் தம்பி லோவெல் ஒரு யோசனை சொன்னான். படகின் மூக்குக்குள், சத்தமில்லாமல் மீனை நெருங்கும் சின்ன மோட்டாருக்காக இரண்டு பெரிய பேட்டரிகள் இருக்கின்றன. எல்ராய் அவற்றைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, கண்ணே மணியே என்று வைத்திருப்பார். "அதுலேர்ந்து ஒரு ஒயரை இழுத்து பிரேக்குக்குக் குடுத்துருங்க மாமா. சோலி முடிஞ்சுது."

"மீனோட கரண்ட்ல கை வைக்காத மாப்ள. தெய்வ குத்தம்."

இந்த வருஷம் மே மாதம், வாலாய் மீன் பிடிக்க அனுமதி திறக்கும் சனிக்கிழமை. ஊரே படகும் கையுமாகக் கிளம்பிய காலை. ஆர்டிஸ் முற்றத்தில் கைகட்டி நின்று முறைத்துக்கொண்டே இருந்ததால், எல்ராய் வேறு வழியில்லாமல் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்தார். பேட்டரியில் முழு சார்ஜ் இருந்தால் பெட்டியின் மேல் பச்சை விளக்கு எரிய வேண்டும். மஞ்சள்தான் எரிந்தது.

"மஞ்சளும் வெளிச்சந்தானே" என்றார் எல்ராய்.

அன்றைக்கு இழுத்தது லோவெலின் பிக்கப். டிரெய்லரை மாட்ட அதன் பின்னாலுள்ள இரும்பு உருண்டை, டிரெய்லரின் வாய்க்குக் கொஞ்சம் சிறிசு. எல்ராய் டிரெய்லரின் மூக்கில் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். "உக்காந்துருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? போலாம் ரைட்!"

வழியிலுள்ள கல்லறைத் தோட்டத்து மேடு செங்குத்து. பாதி மேட்டில் சாலையில் ஒரு வெடிப்பு. பிக்கப் தாண்டியது. டிரெய்லர் தாண்டும்போது உருண்டையை விட்டுத் துள்ளி எழுந்தது. துணிக்கயிறு இழை இழையாகப் பிய்ந்தது. டிரெய்லரின் மூக்கு தார்ச்சாலையில் விழுந்து பொறி கக்கியது. பின்னால் காரில் வந்த ஆர்டிஸ், படகின் பிட்டம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்தார். பிரேக்கை அழுத்தியதோடு சரி, அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அவருக்குப் பின்னால் படகு இழுத்து வந்த வண்டிகளின் வரிசை, மேட்டின் அடிவரை. ஒருவராலும் பின்னுக்கு நகர முடியாது.

ஊசி பிடுங்கிக்கொண்டது. சக்கரங்கள் கிறீச்சிட்டு இறுகின. டிரெய்லர் நின்றது.

வரிசையிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "எல்ராய், வாலாய் இங்கயா கடிக்குது?" நாலு வண்டிகளில் சிரிப்பு.

எல்ராய் இறங்கி ஓடிவந்து பெட்டியைப் பார்த்தார். விளக்கு சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பும் மங்கியது. சக்கரம் ஒன்று முனகி, ஒரு விரற்கடை பின்னால் நழுவியது. சக்கரத்துக்கு அடை கொடுக்கும் கட்டைகள் வீட்டில் இருந்தன. ஒன்று கொட்டகைக் கதவுக்கு, ஒன்று ஃபிரிட்ஜின் ஆட்டத்துக்கு.

"மாப்ள! ஏறு படகுல! ஜம்பர் ஒயரை எடு! பெரிய பேட்டரில மாட்டு!"

"மீனோட கரண்ட்டு மாமா..."

"மாட்டுறா நாயே!"

லோவெல் படகின் மூக்கில் ஏறி ஸ்வெட்டரைப் பிய்த்து, ஒயரின் ஒரு முனையைக் கவ்வவிட்டு மறுமுனையைக் கீழே போட்டான். ஆனால் யானைவாய் மாதிரி இருந்த அந்தக் கிளிப்புகள் சின்னப் பேட்டரியின் நகத்தளவுத் தகட்டில் நிற்கவில்லை. வைத்தால் வழுக்கி விழுந்தன. எல்ராய் முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கிளிப்பையும் இரண்டு தகட்டில் வைத்துக் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்தார். விளக்கு பச்சையாக எரிந்தது. சக்கரங்கள் இறுகின.

அப்போதுதான், டிரெய்லருக்கும் சாலையோரத் தடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்தில், பக்கத்து ஓடையிலிருந்து எடுத்த கல்லொன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆர்டிஸ் நுழைவதைப் பார்த்தார்.

"ஆர்டிஸ்! வெளிய வா! அங்க போவாத!"

"நீ உன் வேலையப் பாருய்யா."

"சொன்னாக் கேளுடீ, நான் ஒரு கூறுகெட்டவன், என்னை நம்பிப் போவாதடீ!"

"இத்தன வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" ஆர்டிஸ் குனிந்துவிட்டார். சக்கரத்தின் பின்னால் தலை மறைந்தது. கல் தாரில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

கை அசைந்தால் கிளிப்பு நழுவும் என்று எல்ராய் மூச்சை அடக்கிக்கொண்டார். கொசு ஒன்று அவர் மூக்கில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. விரட்ட அவர் முயலவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மேலேயிருந்து பார்த்த லோவெல் கீழே குதித்துக் கல் தேடி ஓடினான். கேலி பேசியவனும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடிவந்தான். வரிசையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

இந்தப் பக்கம் இரண்டு சக்கரம், அந்தப் பக்கம் இரண்டு. ஆர்டிஸ் ஒவ்வொரு கல்லையும் குதிகாலால் உதைத்து இறுக்கினார். பிறகு முன்னால் வந்து, சேறான கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புருஷனின் முன்னால் நின்றார்.

"ஆச்சு. விடுய்யா."

எல்ராய் தலையாட்டினார். கையை எடுக்கவில்லை.

"மாமா, நாலு கல்லும் கெட்டியா இருக்கு. நானே பாத்தேன்" என்றான் லோவெல்.

அதற்கும் தலையாட்டினார். கட்டைவிரல் நகங்கள் வெளுத்துப்போய் இருந்தன. ஆர்டிஸுக்குத் திட்டுவதற்கு எத்தனையோ இருந்தது. ஆனாலும் காருக்குப் போய், மதியத்துக்கு என்று கட்டிவந்த பொட்டலத்திலிருந்து ஒரு டோனட்டை எடுத்துவந்து நீட்டினார். வாங்கிக்கொள்ள எல்ராயின் கை எழவில்லை. விளக்கின் பச்சையைப் பார்த்தபடியே, அவர் வாயை மட்டும் திறந்தார்.