நாக்கு வைத்துப் பார்த்தவள்

மழை பொய்த்துப் பண்ணையில் வேலை இல்லாமல் போன வருஷம், சாமியாத்தாள் போத்தனூருக்குத் தெற்கே ஒரு சாயப்பட்டறையில் நூல் அலசச் சேர்ந்தாள். புருஷன் காலராவில் போய்ச் சேர்ந்திருந்தான். இரண்டு பெண்பிள்ளைகள்.

நூலை முதலில் காஸ்டிக் சோடாவில் வேகவைப்பார்கள். அந்தக் காரத்தை முறிக்கத் திராவகம் கலந்த தண்ணீரில் முக்குவார்கள். சோடா தங்கினால் சாயம் சரியாகப் பிடிக்காது. திராவகம் மிஞ்சினாலோ, காயும்போது நூல் இற்றுப்போகும். அதனால் கடைசித் தொட்டித் தண்ணீரில் லிட்மஸ் காகிதம் நனைத்துப் பார்ப்பது வழக்கம். நீலக் காகிதம் சிவந்தால் திராவகம் மிச்சம், சிவப்புக் காகிதம் நீலமானால் சோடா மிச்சம்.

ஒரு நாள் காகிதம் தீர்ந்துபோனது. மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அதுவரை வேலையை நிறுத்த முதலாளி சம்மதிக்கவில்லை. மேஸ்திரி ராமுலு, தொட்டியோரம் நின்ற சாமியாத்தாளைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரு. புளிச்சாச் சொல்லு. சோப்பாட்டம் வழவழன்னு இருந்தாலுஞ் சொல்லு."

"ஏனுங்க, வெசமுங்களே அது?"

"கழுவுன தண்ணிதான், சாகமாட்டே. முடியாதுன்னா இப்பவே ஊட்டுக்குப் போ."

வைத்தாள். புளித்தது. சொன்னாள்.

காகிதம் வந்த பிறகும் ராமுலு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். நாக்கு சும்மா கிடைக்கிறபோது காகிதம் எதற்கு என்று முதலாளியிடம் சொல்லிச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார்.

ஐப்பசிக்குள் அவள் நாக்கு தோலுரிந்துவிட்டது. ஒரு நாள் குழம்புக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள். பெரிய மகள் மாரியாத்தாள் வாயில் வைத்துத் துப்பியபோதுதான், தனக்கு ருசியே போய்விட்டது என்று சாமியாத்தாளுக்குத் தெரிந்தது. பட்டறையில் சொன்னால் வேலை போய்விடும். தண்ணீரை நாக்கில் வைத்து, யோசிப்பவள்போலச் சற்று நின்று, "சரியாப்போச்சுங்க" என்று சொல்லி வந்தாள்.

மார்கழியில், ஈரோட்டுக்குப் போன நூல் அத்தனையும் திரும்பி வந்தது. தறியில் ஏற்றியதுமே இற்று அறுந்ததாம். ராமுலு எல்லாரையும் முற்றத்துக்கு வரச்சொல்லி, சாமியாத்தாள் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார். திராவகத் தண்ணீர்.

"என்ன இது? சொல்லு."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "கெணத்துத் தண்ணிங்க."

பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். ராமுலு சிரிக்கவில்லை. வேகவைக்கும் அண்டாவிலிருந்து ஒரு குவளை சோடாவை அவரே மொண்டு வந்தார். "அப்ப இதுவும் உனக்குத் தண்ணிதான்" என்று அவள் பின்னந்தலையைப் பிடித்து வாயில் கவிழ்த்தார். அவள் தரையில் விழுந்து புரண்டாள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. நூலை அழித்தவளை வாசலுக்கு வெளியே போடச் சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவப் போனார்.

ஆஸ்பத்திரியில் உயிரை மட்டும் காப்பாற்றினார்கள். குரல் வரவில்லை. கஞ்சித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

வீடு திரும்பிய அன்று, கூட வேலை செய்த ரங்கம்மாள் பார்க்க வந்தாள். "அக்கா, என்னைய அந்தத் தொட்டிக்குப் போட்டுட்டாங்க. எப்பிடிப் பாக்கோணும், சொல்லு."

சாமியாத்தாள் பாயில் எழுந்து உட்கார்ந்து அவள் வாயைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பொத்தினாள். ரங்கம்மாள் மெல்ல அந்தக் கைகளை விலக்கினாள். "எம்பட புள்ளைங்களுக்கு ஆருக்கா சோறு போடுவா?" என்று அழுதாள்.

மறுநாள் சங்கு ஊதியதும் ரங்கம்மாள் பட்டறைக்குக் கிளம்பினாள். வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் மாரியாத்தாளும் அவளோடு நடந்தாள். வாசல்வரை தவழ்ந்து வந்த சாமியாத்தாளால் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை.