என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்ட ஆடு

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் என் தம்பிகள் செல்லமாக வளர்த்த ஆட்டுக்கு டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒத்துக்கொண்டது போலும். ஒரு நாள் காலை அது என் பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றது.

"கழட்டுங்கடா. நான் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

"பாவம்க்கா, நடுங்குது," என்றான் சின்னவன்.

அம்மாவும் அவன் பக்கம். "அது வாயில்லா ஜீவன்டி. நீ டீச்சர்கிட்ட சொல்லிக்கோ."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையோடு வகுப்பில் எழுந்து நின்று, ஸ்வெட்டரை ஆடு போட்டிருப்பதாகச் சொன்னேன். டீச்சர் வெளியே நிற்கச் சொன்னார். அங்கே குளிர் இன்னும் நன்றாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆட்டைப் பிடித்து ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் ஆட்டு வாடை தாங்காமல் பக்கத்துப் பெண்கள் இடம் மாறினார்கள். முழு பெஞ்சும் எனக்கே கிடைத்தது. மகாராணிகூட அவ்வளவு வசதியாக உட்கார்ந்து படித்திருக்க மாட்டாள்.