குணா அண்ணன் கடையில் காப்பி மெதுவாகத்தான் ஆகும்

குணா அண்ணன் போய்விட்டார். ஹார்ட் அட்டாக். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்...

நம் தீவில் ஃபீனிக்ஸ் பே பக்கம் இருந்த அவருடைய கம்ப்யூட்டர் கடையில்தான் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கமான மனுஷன் என்று இந்தக் குரூப்பில் எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

சுனாமிக்கு அடுத்த வருஷம். உப்புத் தண்ணீரில் ஊறிய போட்டோக்களை ஸ்கேன் செய்ய ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூட்டம் தாங்காமல் அண்ணன் எல்லா மெஷினிலும் ரைட் கேஷை ஆன் செய்தார்.

தெரியாதவர்களுக்கு... அது ஆனில் இருந்தால் 'சேவ் ஆகிவிட்டது' என்று கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிடும். டிஸ்கில் எழுதுவது அப்புறம்தான். வேகம் பிரமாதம். நடுவில் கரண்ட் போனால் போனதுதான்.

நம் ஊர் கரண்ட் லட்சணம் தெரியும். யூபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது. புதுசு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். வேண்டாம் அண்ணே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அரே, குச் நஹி ஹோகா தம்பி, ஒண்ணும் ஆகாது. வரிசையப் பாரு."

கார் நிக்கோபாரில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். அலையில் மகள் போய்விட்டாள். மிச்சம் அவளுடைய ஒரே ஒரு போட்டோ.

பிசுபிசுத்துப் போயிருந்த அது ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. சேவ் ஆகிவிட்டது என்று திரையில் வந்ததும் அண்ணன் பிய்த்து எடுத்தார். முகம் துண்டு துண்டாகக் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. பரவாயில்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார்.

உடனே கரண்ட் போனது.

திரும்ப வந்தபோது ஃபைல் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த மனிதர் திட்டவில்லை. "இன்னொரு தடவ பாருங்க சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எல்லா மெஷினிலும் கேஷ் ஆஃப். சரி. புது பேட்டரி வந்த பிறகாவது ஆன் செய்ய வேண்டாமா? மாட்டேன் என்றார். பாட்டு ஏற்ற வந்த காலேஜ் பசங்களைக்கூட டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

பென் டிரைவில் விளக்கு மின்னுவது நிற்கும் வரை யாரையும் தொட விடமாட்டார். "முடிஞ்சிருச்சுன்னு அது சொல்லும்டா. நீ நம்பாத."

இந்தச் சண்டையில்தான் நான் வேலையை விட்டேன்.

இப்போது மாலை போட அவர் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். ஊர் போட்டோவெல்லாம் ஸ்கேன் செய்த மனுஷன்... என்ன சொல்ல!

கடையில் நான் எடுத்த படங்கள் என் பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. மொத்தத்தையும் பென் டிரைவில் ஏற்றுகிறேன். எதில் அவர் சிரிக்கிறார் என்று மகளே பார்த்துக்கொள்ளட்டும்.

வாங்கிப் போக வந்த அவர் மருமகன் வாசலில் ஹாரன் அடிக்கிறார். காப்பி முடிந்தது என்கிறது திரை.

விளக்கு இன்னும் மின்னுகிறது. பிடுங்கவில்லை, அண்ணே.

போய் வாருங்கள்.