இல்லாத நாயும் மேபல் சிஸ்டரும்

மேபல் சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் வேலூரில், புதிதாகச் சேர்ந்த பயிற்சிக் குழுவுக்கு நாய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மேசைமேல் போன் அதிர்ந்து நகர்ந்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. வகுப்பில் போனைத் தொடக் கூடாது என்று காலையில் நானே சட்டம் போட்டிருந்ததால் எடுக்கவில்லை. கதையை முடித்து, எல்லோரையும் சிரிக்கவைத்து, டீக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தேன். வாலாஜாபேட்டையிலிருந்து அவர் மகள் ஷீலா. திருப்பிக் கூப்பிட்டேன். "அம்மா போய்ட்டாங்கண்ணா. குளிச்சிட்டு வந்து நாற்காலியில உட்கார்ந்தாங்க, அவ்ளோதான்" என்றாள். போனை வைத்த பிறகும் கரும்பலகையில் நான் வரைந்த நாய் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அழித்துவிட்டு வெளியே வந்தேன்.

நம் முதல் பயிற்சிக் குழுவின் மடலில் அவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் வெறும் பாராட்டாக இது வராது, கூடவே ஒரு திருத்தமும் வரும். அந்த நாயை உங்களில் சிலர் இன்னமும் உங்கள் வகுப்புகளில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அதிர்ச்சியான நினைவுகளுக்குக் கண்ணசைவின் மூலம் சிகிச்சை செய்யும் முறையை, மனநலத் துறையில் பட்டம் வாங்கி ஏற்கெனவே வேலையில் இருந்த நமக்கு, ஒரு தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார்கள். சிகிச்சைக்கு வந்தவர் கெட்ட நினைவை மனதில் நிறுத்திக்கொண்டு, இடமும் வலமுமாக அசையும் நம் விரல்களைக் கண்ணால் பின்தொடர வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வேதனை எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண்ணை அவரே சொல்வார். அது இறங்கிக்கொண்டே வர வேண்டும். இதை நாம் ஜோடி ஜோடியாக ஒருவர்மேல் ஒருவர் செய்து பழகினோம். சொந்த நினைவாக இருக்க வேண்டும், ரொம்பப் பெரியதாக இருக்கக் கூடாது, நடிக்கவே கூடாது என்பது விதி.

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் மேபல் சிஸ்டர். மனநலப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். பிறகு ஆலோசகர் படிப்பு படித்து, ஆம்பூரில் ஷூ கம்பெனித் தொழிலாளர்களுக்கான ஆலோசனை மையத்தில் சேர்ந்திருந்தார். நான் எம்.ஃபில். முடித்த கையோடு அதே மையத்துக்கு வந்தவன். நர்ஸோடு என்னை ஜோடி சேர்த்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் முகம் சுளித்தேன். முதல் நாளே நான் விரலை ஆட்டிய வேகத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவா தம்பி, ஈ ஓட்டறியா இன்னா?" என்றார். கூடமே சிரித்தது. அத்தோடு என் எம்.ஃபில். கொஞ்சம் அடங்கியது.

அதே நாள் எல்லோரும் எழுந்து நின்று குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி சொன்னோம். "குடியாத்தம். தறிக்காரங்க குடும்பம். ஒரே அக்கா. அப்பா, அம்மா இல்லை" என்றேன். அப்பா இல்லை என்பது உண்மை. அம்மா அன்றைக்கும் உயிரோடுதான் இருந்தார், இன்றைக்கும் இருக்கிறார். அவருக்கு மனச்சிதைவு நோய். அக்கா வீட்டில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, முக்கால்வாசி நாள் நன்றாகவே இருக்கிறார். ஹாஸ்டலில் ஒருமுறை அம்மா இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். அப்புறம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவதுபோல அது தானாக வர ஆரம்பித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மேபல் சிஸ்டர் இரண்டு டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார். "தாயில்லாப் புள்ள, ஹோட்டல்ல தின்னு வயித்தக் கெடுத்துக்காதே" என்று ஒன்றை என் பக்கம் தள்ளினார். எலுமிச்சை சாதமும் முட்டைப் பொரியலும். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். அந்தப் பயிற்சி முடியும்வரை சாப்பிட்டேன்.

நான் சொல்லவேண்டிய நினைவு என்னிடம் இருந்தது. கல்லூரி கடைசி வருடம், குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நண்பர்களோடு நிற்கிறேன். தண்ணீர்க் குழாய் அருகே, தலை விரிந்து, ஒரு கையில் செருப்போடு அம்மா நிற்கிறார். வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் கிளம்பி வந்திருக்கிறார். "சரவணா" என்று கூப்பிட்டார். "யார்றா அது, உன் பேரச் சொல்லுது?" என்று ஒருவன் கேட்டான். "தெரியலடா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். பஸ் நகர்ந்தபோது அம்மா பக்கவாட்டுத் தகரத்தில் தட்டிக்கொண்டே கூட ஓடிவந்தார். அந்தத் தட்டல் எனக்கு நேர் கீழே கேட்டது. நான் குனியவில்லை.

அம்மா இல்லை என்று எழுந்து நின்று சொன்னவன் இதை எப்படிச் சொல்வது? ஏழாம் வகுப்பில் ஒரு நாய் என்னைத் துரத்தியதாகச் சொன்னேன். அப்படி ஒரு நாய் கிடையாது. துரத்தப்பட்டவனின் உடம்பு எப்படி இருக்கும், எண் எப்படி இறங்கும் என்றெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆறில் ஆரம்பித்தேன். ஐந்து, நான்கு, இடையில் நம்பகமாக இருக்கட்டும் என்று ஒரு தடவை ஐந்துக்கு ஏறி, பிறகு அழகாகப் பூச்சியத்துக்கு வந்து சேர்ந்தேன். நம் வேலையில் இருப்பவனைத் தவிர வேறு யாராலும் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லியிருக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் அம்மாள் பின்னால் நின்று கவனித்துவிட்டு, இதுதான் சரியான மாதிரி என்று எங்கள் இருவரையும் குழுவின் முன்னால் உட்காரவைத்து மறுபடி செய்யச் சொன்னார். கைதட்டினீர்கள். நினைவிருக்கிறதா?

பஸ்ஸுக்கு நடக்கும்போது மேபல் சிஸ்டர் சொன்னார்: "நல்ல நாய் தம்பி அது. நீ சொன்னபடியெல்லாம் கேக்குது." அவ்வளவுதான். அதற்குமேல் நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் காது மடல் சூடேற நடந்தேன்.

அவர் வேலை செய்வதை நீங்கள் யாரும் ஆம்பூரில் பார்த்ததில்லை, நான் தினமும் பார்த்தவன். மாதனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தோல் வெட்டும் மிஷினில் பக்கத்துப் பெண்ணின் விரல் நசுங்கியதை நேரில் பார்த்தவள். அதிலிருந்து கம்பெனி பஸ் ஹாரன் கேட்டாலே வாந்தி. எனக்குக் கொடுத்தார்கள். விரலை உயர்த்தினேன், அவள் உறைந்துபோனாள். எண்ணும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார். "விரல ஆட்டினா சூப்பர்வைசர் மூஞ்சி வருது சிஸ்டர். அவரும் இப்டிதான் ஆட்டுவாரு" என்றாள். "அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? விரலே வேணாம்" என்று சொல்லி, அவள் இரண்டு கைகளையும் தொடைமேல் வைக்கச் சொன்னார். கண்ணசைவுக்குப் பதிலாக, புறங்கைகளில் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண் அழுதாள். நான் பழக்கதோஷத்தில் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அவர் கண்ணாலேயே என்னைத் தடுத்தார். பிறகு வெளியே வந்து, "அழறவங்களுக்குத் தண்ணி குடுத்தா, போதும் நிறுத்துன்னு அர்த்தம். நமக்கு பேஜாரா இருக்குதுன்னு அவங்கள நிறுத்தக் கூடாது" என்றார். சில வாரங்களில் அவள் வேலைக்குத் திரும்பினாள்.

ஒருநாள் நான் வெளியே போயிருந்த நேரம் அக்கா மையத்துக்குப் போன் செய்திருக்கிறாள். திரும்பி வந்ததும் சிஸ்டர், "உங்க அக்கா பேசினாங்க. மாத்திர தீர்ந்துபோச்சாம், வாங்கி அனுப்பணுமாம்" என்றார். யாருக்கு மாத்திரை என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்காவுக்கு பிரஷர் என்று நினைத்திருப்பார் என நானே சமாதானம் செய்துகொண்டேன். அன்று மாலை அவர் பையை எடுத்துக்கொண்டே, "சரவணா, என் விரல் இன்னும் நல்லாதான் ஆடுது. எப்ப வேணும்னாலும் சொல்லு" என்றார். "எதுக்கு சிஸ்டர்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் ஓய்வு பெற்று வாலாஜாபேட்டைக்குப் போன பிறகு, சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். முட்டி வலியோடு எழுந்து வந்து கதவைத் திறந்தார். டீ கொடுத்தார். நான் புதிய குழுவைப் பற்றிப் பேசினேன், மையத்தின் ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசினேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடையில் பேசாமல், கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். எனக்காகத்தான் அப்படி உட்கார்ந்திருந்தார். "இன்னொரு நாள் வர்றேன் சிஸ்டர்" என்று எழுந்துவிட்டேன். போன மாதம் நடந்தது இது. அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு யாராவது திருப்பிக் கொடுத்தால் போதும் என்று இருக்கிறது. அவர் எதிரில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தகரச் சத்தத்தை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் போல இருக்கிறது. அவரைப்போல இன்னொருவர் கிடைப்பார் என்று எனக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். எனக்கு அவர்தான் வேண்டும்.

செய்தி கேட்ட அன்று, ஏனென்று தெரியாமல், அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கள் சிஸ்டர் ஒருவர் இறந்துவிட்டார் என்று தொடங்கியதும் அந்தப் பக்கம் அக்கா "ஐயோ, மேபல் சிஸ்டரா?" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "இன்னாடா இப்டிக் கேக்கற? மாசத்துல ரெண்டு தடவ அம்மாகிட்ட பேசுவாங்களே. மாத்திர வந்துதான்னு கேக்க அப்போ போன் பண்ணாங்க, அம்மா எடுத்துச்சு. அதுலேர்ந்து பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. உன்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். அம்மாவப் பத்தி அவனே என்கிட்ட சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்கன்னுட்டாங்க."

பிறகு அம்மா போனை வாங்கினார். என் ஆம்பூர் வாழ்க்கை முழுவதும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே எனக்கு சீட் கொடுத்தது, மாதனூர்ப் பெண்ணுக்காக நான் கம்பெனிக்கே போய்ப் பேசியது எல்லாம் தெரிந்திருந்தது. நான் உலகத்தாரிடம் சொல்லிவைத்திருந்த ஒன்று மட்டும் தெரியாது. அதை மட்டும் சிஸ்டர் சொல்லவே இல்லை. "ஒரு நாளைக்கு உங்க புள்ளையே உங்களக் கூட்டினு வருவான், நான் சோறு போடறேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. என்னக் கூட்டினு போடா" என்றார் அம்மா.

கூட்டிக்கொண்டு போனேன். அடக்க ஆராதனையில் என் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஜெபத்தின் நடுவே சத்தமாகப் பேசியவர் யார் என்று உங்களில் பலர் திரும்பிப் பார்த்தீர்கள். வெளியே வந்ததும் நம் ஜான்சன்தான் பக்கத்தில் வந்து, "யாரு சரவணன் இவங்க?" என்று கேட்டார். "எங்கம்மா" என்றேன். "அம்மா... இல்லன்னு..." என்று அவர் இழுத்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "சிஸ்டரம்மா சாப்புடக் கூப்ட்ருந்தாங்க. நாங்க வர லேட்டாய்ட்சி."

எனவே தயவுசெய்து யாரும் இனிமேல் வகுப்பில் அந்த நாயைச் சொல்லாதீர்கள். மேபல் சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது மாதத்துக்கு இரண்டு தடவை என்ற அந்தப் போன் பேச்சைத்தான். இப்போது அம்மாவை நான் கூப்பிடுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டே போகிறேன். "சிஸ்டரம்மா இவ்ளோ ஜாஸ்தி கேள்வி கேக்கமாட்டாங்கடா, நான் சொல்றத கேப்பாங்க" என்று அம்மா அலுத்துக்கொள்கிறார். வாயை மூடிக்கொள்கிறேன், சிஸ்டர். அம்மா பேசுகிறார்.