பரிகாரியாரிடம் மறைத்த மாத்திரை

என் இடது சிறுநீரகம் தம்பியின் வயிற்றில் ஆறு வருடம் வேலை செய்தது. கண்டியில் மாற்றி வைத்தார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். சிறுநீரகம் கொடுக்கச் சம்மதிக்கும் படிவத்தில் மட்டும் முழுப் பெயரையும் பிழையில்லாமல் எழுதினேன்.

மாத்திரை தவறினால் உடம்பு என் சிறுநீரகத்தை அந்நியமென்று தள்ளிவிடும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். சுனாமியில் எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்குள் கடல் வந்த அன்று வேறொன்றும் எடுக்கவில்லை. அவனுடைய மாத்திரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வாவிப் பக்கம் ஓடினேன்.

வன்னியில் சண்டை முடிந்த வருடம், ஊரே வாய் திறக்காமல் இருந்த நாட்களில், அவன் கண் மஞ்சளித்தது.

"கண்டிக்குப் போவமா அக்கா?"

"செங்கமாரிக்கு ஆரும் கண்டிக்குப் போறதா? எங்கட சனம் கீழ்க்காய்நெல்லி குடிச்சுத்தானே சுகமாகின."

வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாட்டு மருந்து கொடுக்கும் ஒரு பரிகாரியாரிடம் கூட்டிப் போனேன். இங்கிலீசு மருந்து குடிக்கிறவர்களை அவர் தொடமாட்டார். "ஏதும் மாத்திரை குடிக்கிறாரா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: "என்னக்கா, பொய் சொல்லிப்போட்டீங்க?"

"ஏழு நாள் பத்தியந்தானே. மாத்திரையக் குடிக்காம இரு. உனக்குள்ள இருக்கிறது என்ட சாமான், எங்கயும் ஓடாமக் கிடக்கும்."

"ஓம் ஓம், சொந்தக்காரி சொன்னாச் சரிதான்" என்று சிரித்தான்.

மாத்திரைப் பையை அரிசிப் பானைக்குள் வைத்தேன். உப்பில்லாக் கஞ்சியும் பச்சிலைச் சாறுமாகப் பத்தியம் பிடித்தான். ஆறாம் நாள் சிறுநீர் நின்று கால் வீங்கியது. மறுகா கண்டிக்குத்தான் ஓடினோம்.

நாங்கள் நினைத்த மாதிரி அது சூட்டில் வந்த செங்கமாரி இல்லையாம், ஈரலில் கிருமியாம். சிறுநீரகம் மாற்ற முந்தி மெசினில் இரத்தம் சுத்தம் செய்த காலத்தில் ஒட்டியிருக்கலாம், உடம்பின் காவலைக் குறைக்கிற மாத்திரையால் இப்போது எழும்பியிருக்கும் என்றார் டாக்குத்தர். உடனே வந்திருந்தால் அதற்கு மருந்து இருந்ததாம். மாத்திரையை நிறுத்தியதில் சிறுநீரகமும் போய்விட்டது.

"அக்கா, உங்கட சாமானப் பழுதாக்கிப்போட்டன்" என்றான் தம்பி. பழுதாக்கியது நான். அந்த மாதமே போய்விட்டான்.

செத்தவீட்டுக்குப் பரிகாரியாரும் வந்தார். ஆரோ எல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்டைக்கு ஏன் பிள்ளை மறைச்சாய்? சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டனே."

"அதுக்குத்தான் சொல்லல்ல, ஐயா."

கையிலெடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவர் எழும்பிப் போனார்.